“இண்டைக்கு என்ன எழுதின?” என்று கேட்க முன்



கொஞ்சம் நீளமான பதிவு. முன்பள்ளிக்கோ தரம் ஒன்றுக்கோ பிள்ளையை அனுப்பும் வீடுகளாவது கடைசி வரை வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விடும் நேரம். வகுப்பறை வாசலிலேயே ஒரு தாய் மகனின் பையைத் திறந்து கொப்பியைப் புரட்டினார். முந்தநாள் பக்கம் வெறுமை. நேற்றைய பக்கமும் வெறுமை. அன்றும் அப்படித்தான்.

“டீச்சர், இண்டைக்கும் மகன் ஒண்டும் எழுதல்லயே. காலையில இருந்து என்ன செஞ்சவன்?”

“விளையாடினான்” என்று சொன்னோம்.

அவர் சத்தம் போடவில்லை. கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டே, “விளையாட எண்டா வீட்டிலயே வெச்சிருக்கலாமே டீச்சர்” என்றார். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தத் தாயில் எங்களுக்குக் கோபமில்லை. கஷ்டப்பட்டுச் சப்பாத்தும் பையும் கொப்பியும் வாங்கி, ஓட்டோவுக்குச் சல்லி கொடுத்து அனுப்புகிறவர், பிள்ளை என்ன படித்தது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம். “நாங்கள்” என்பது, எங்கள் பாடசாலையில் தரம் ஒன்றின் இரண்டு பிரிவுகளுக்கும் பொறுப்பாக இருக்கும் இருவரையும் சேர்த்துத்தான்.

அன்று அந்த மகன் செய்ததை முதலில் சொல்கிறோம்.

பெரியது, சிறியது என்பதுதான் அன்றைய எங்கள் திட்டம். பொருட்களைக் காட்டி “எது பெருசு?” என்று கேட்டுக்கொண்டு போகும்போது இவர் எழும்பி, “டீச்சர், பெருசுதான் பாரமா?” என்று கேட்டார். “ஓம்” என்று சில பிள்ளைகள், “இல்ல” என்று சில பிள்ளைகள். வகுப்பே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாங்கள் பதில் சொல்லவில்லை. “எப்படிப் பார்க்கலாம்?” என்று மட்டும் கேட்டோம். அவருடைய வாப்பா சந்தையில் மரக்கறி விற்கிறவர். “தராசு வேணும்” என்றார்.

இரண்டு சிரட்டை, ஒரு தடி, கொஞ்சம் நூல். கட்டிக் கொடுத்தது நாங்கள். நடுவில் தொங்கவிட எந்த இடத்தில் பிடிப்பது என்பதை அவர்களே தேடினார்கள். தடி ஒரு பக்கம் சாய்ந்தது, நகர்த்தினார்கள், மறுபக்கம் சாய்ந்தது, மறுபடி நகர்த்தினார்கள். பிறகு ஒரு சிரட்டையில் பெரிய பஞ்சு உருண்டை, மற்றச் சிரட்டையில் சின்னக் கல். கல் இருந்த பக்கம் கீழே போனது. அந்த மகன் எங்களைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. தன் கூட்டாளியைப் பார்த்து, “பெருசு பாரமில்லடா” என்றார். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கல், சிப்பி, புளியங்கொட்டை, அழிறப்பர் என்று கையில் அகப்பட்டதெல்லாம் தராசில் ஏறியது. ஒரு கல்லுக்கு எத்தனை புளியங்கொட்டை சரியாக வரும் என்று எண்ணினார்கள், பிழைத்தார்கள், திரும்ப எண்ணினார்கள்.

இதில் கணிதம் இருக்கிறது, விஞ்ஞானம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகும் பழக்கம் இருக்கிறது. கொப்பியில்தான் ஒன்றும் இல்லை.

இனி மற்றப் பக்கத்தைச் சொல்கிறோம். ஒவ்வொரு வருடமும் தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளைகளில் சிலர் 1 முதல் 100 வரை பிசகாமல் எழுதுவார்கள். பெற்றோரும் அதைச் சொல்லித்தான் சேர்ப்பார்கள். அப்படி வந்த ஒரு மகளிடம், “அந்தத் தட்டிலிருந்து ஏழு புளியங்கொட்டை எடுத்து வாங்க” என்றோம். ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து தந்தார். “எண்ணுங்க” என்றால், விரல் ஒரு கொட்டையைத் தொடும்போது வாய் மூன்று எண்ணைச் சொல்கிறது. நூறு வரை எழுதத் தெரிந்த அந்தக் கைக்கு ஏழு என்றால் எவ்வளவு என்று தெரியாது. அந்தப் பிள்ளையில் குறையில்லை. எண்களை ஒரு பாட்டுப்போலவும் ஒரு படம்போலவும்தான் யாரோ கொடுத்திருக்கிறார்கள். பொருளோடு சேர்த்துக் கொடுக்கவில்லை.

வீட்டில் நீங்களே ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஆறு கொட்டையை ஒரு வரிசையாகவும் இன்னும் ஆறு கொட்டையை அதற்கு நேர் கீழேயும் வையுங்கள். “இரண்டும் ஒரே அளவா?” என்று நாலைந்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். “ஓம்” என்பார். பிறகு அவர் கண் முன்னாலேயே கீழ் வரிசையை மட்டும் இடைவெளி விட்டு அகலமாக்கிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அகலமான வரிசையில்தான் கூட இருக்கிறது என்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே காட்டிய விடயம் இது. இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்ற விளக்கம் ஏறக்குறைய ஆறு, ஏழு வயதில்தான் பிள்ளைக்கு உறுதிப்படுகிறது. நூறு தரம் எழுதினாலும் அது வராது. கையால் பரப்பி, கூட்டி, மறுபடி எண்ணிப் பார்த்துப் பார்த்துத்தான் வரும்.

“இதெல்லாம் புதுசா வந்த நாகரிகம்” என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். நமது நாட்டில் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தோடு ஆரம்பக் கல்வி மூன்று முதன்மை நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. தரம் 1, 2 முதலாம் நிலை. தரம் 3, 4 இரண்டாம் நிலை. தரம் 5 மூன்றாம் நிலை. முதலாம் நிலையில் முதலிடம் ஆசிரியரின் வழிகாட்டலோடு நடக்கும் விளையாட்டுக்கு. அடுத்த இடம் செயற்பாட்டுக்கு. மேசையில் இருந்து எழுதுவதற்குக் கடைசி இடம். எழுத்துவேலை நிலைக்கு நிலை கூடிக்கொண்டு போய்த் தரம் ஐந்தில்தான் முன்னுக்கு வரும். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குப் பெயர் வைக்கும்போதே “செயற்பாடுகள்” என்று வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டம் நாடு முழுவதும் தரம் ஒன்றுக்கு வந்தது 1999இல். இன்று தரம் ஒன்றுக்குப் பிள்ளை அனுப்பும் வாப்பா, உம்மாமாரில் எத்தனையோ பேர் அந்தத் திட்டத்தில் தரம் ஒன்று படித்தவர்கள்!

அப்படியானால் அது ஏன் வகுப்பறைக்குள் சரியாக வரவில்லை? முதலில் எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் நாங்களும் புரோபல் 1837இல் ஜேர்மனியில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டுக் கூடத்தைப் படித்தோம். மொண்டிசோரி அம்மையார் 1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் திறந்த “குழந்தைகள் இல்லம்” பற்றிப் படித்தோம். செய்து கற்றல் பற்றி டூயி சொன்னதையும் படித்தோம். எப்படிப் படித்தோம் தெரியுமா? விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதி, மனனம் செய்து, பரீட்சையில் திரும்ப எழுதினோம். வகுப்பெடுக்க வந்தபோது எங்கள் கைக்கு வந்தது நாங்கள் படித்த முறைதான்.

எங்கள் முதல் வருடம் அது. ஜனவரி மழை. வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய நத்தை ஏறிக்கொண்டிருந்தது. பாதிப் பிள்ளைகள் எழும்பி ஓடிப்போய் அதைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அன்று நாங்கள் கரும்பலகையில் “அ” எழுதிக் காட்டிக்கொண்டிருந்தோம். சத்தம் போட்டு எல்லோரையும் இருத்தினோம். நத்தையைத் துடைப்பத்தால் தட்டி வெளியே போட்டோம். “அ” தொடர்ந்தது. ஒரு பிள்ளை மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஏச்சு விழுந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் வந்துபோய்விட்டது. இப்போது நத்தை வந்தால் அன்றைய பாடம் நத்தைதான். கையால் தொட விடுவதில்லை, இலையில் ஏற்றி வைப்போம். கால் எங்கே, கண் எங்கே, ஏன் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகிறது என்று கேள்விகள் வரும். கோட்டின் நீளத்தை ஈர்க்கால் அளப்பார்கள். “உப்புப் போட்டா செத்திரும்” என்று ஒருவர் சொல்ல, “பாவம், அதுக்கும் உயிர் இரிக்கி” என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அதை வேலியோரம் கொண்டுபோய் விட்டுவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வருவார்கள். அதன் பிறகு களிமண்ணில் நத்தை செய்வார்கள், வரைவார்கள். “நத்தை எண்டு எழுதித் தாங்க டீச்சர்” என்று கேட்டு வருவார்கள். எழுத்தைத் தேடி அவர்களே வரும் அந்த நேரத்தில் கற்பித்தால், மறுநாளும் அது அவர்கள் நினைவில் இருக்கிறது.

எழுத வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்தைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்காது. அதை நாம் கற்பிக்கத்தான் வேண்டும், முறையாகக் கற்பிக்க வேண்டும். எப்போது, எந்தக் கைக்கு என்பதுதான் கேள்வி. வளர்ந்தவரின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எலும்பாக இருப்பதில்லை, குருத்தாகவே இருக்கின்றன. வருடக் கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகி வருகின்றன. கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே ஏறக்குறைய எட்டு, ஒன்பது வயதாகிவிடும். விரல்களின் சின்னத் தசைகளும் அப்படி மெதுவாகத்தான் பலப்படுகின்றன. இனி நம்முடைய “அ”வைப் பாருங்கள், “இ”யைப் பாருங்கள். எத்தனை சுழி, எத்தனை வளைவு! நேர்கோட்டில் முடியும் “ட”வும் “ப”வும் கைக்கு எவ்வளவு இலேசு. ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது “அ”வைத்தான். அதுவும் ஒரு பக்கம் நிறைய. பிள்ளை பென்சிலை முஷ்டியாகப் பிடித்து, கொப்பி கிழிய அழுத்தி எழுதுவது சோம்பலால் அல்ல. அந்தக் கைக்கு அந்த நேரம் வேண்டியது மா பிசைவது, மணி கோர்ப்பது, கடதாசி கிழித்து ஒட்டுவது, உடுப்பு ஊசியைத் திறந்து மூடுவது, மண்ணில் விரலால் கீறுவது.

முன்பள்ளிகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊர்களில் முன்பள்ளிக்கே “மொண்டிசோரி” என்றுதான் பெயர். அந்த அம்மையாரின் முறையில் பிள்ளை தானே பொருளைத் தெரிவு செய்யும், தானே செய்து பார்க்கும், பிழைத்தால் தானே திருத்திக்கொள்ளும், ஆசிரியை பக்கத்தில் இருந்து கவனிப்பார். நம் பெயர்ப்பலகைகளில் அவர் பெயர் இருக்கிறது. உள்ளே போனால் மூன்று வயதுப் பிள்ளைகள் வரிசையாக இருந்து எழுதுகிறார்கள். வீட்டுவேலை, தவணைப் பரீட்சை, முதலாம் இடம், இரண்டாம் இடம். வருட முடிவில் கறுப்பு அங்கியும் தொப்பியும் போட்டு விடுகை விழா.

இதற்கும் ஆசிரியைகளை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. எங்களோடு கலாசாலையில் படித்த ஒருவர் இப்போது முன்பள்ளி நடத்துகிறார். ஒரு வருடம் தைரியமாக எழுத்து வீட்டுவேலையை நிறுத்தினார். மண் தொட்டி வைத்தார், கடை விளையாட்டுக்கு வெற்றுப் பக்கற்றுகள் சேர்த்தார், முற்றத்தில் கீரை விதைக்க வைத்தார். பிள்ளைகள் காலையில் ஓடி வந்தார்கள். பெற்றோர் ஒவ்வொருவராக, “அங்க எண்டா இப்பவே கூட்டலும் படிச்சிக் குடுக்கிறாங்க” என்று பிள்ளையை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பெற்றோர் கட்டும் கட்டணத்தில்தான் அவருடைய சம்பளமும் உதவியாளரின் சம்பளமும். அடுத்த தவணையில் வீட்டுவேலை திரும்பி வந்தது. மண் தொட்டி இப்போதும் இருக்கிறது, மூடி போட்டு.

ஆகவே இது ஆசிரியர்கள் மட்டும் நினைத்தால் மாறுகிற விடயம் அல்ல. நாம் எதற்குச் சல்லி கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும்.

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது, புலமைப்பரிசில். “இப்படி விளையாடினா தரம் அஞ்சில எப்படிப் பாஸ் பண்ணுவான்?” அந்தப் பரீட்சையில் வினாவை வாசித்து விளங்கி, யோசித்து விடை எழுத வேண்டும். தராசைக் கட்டிப் பார்த்த பிள்ளைக்கு யோசிக்கும் பழக்கம் ஐந்து வயதிலேயே வருகிறது. ஐந்து வயதில் எழுத்தைக் கண்டு வெறுத்த பிள்ளையைப் பத்து வயதில் வகுப்புக்கு மேல் வகுப்புப் போட்டு இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுபடலை நம் வீடுகளில் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இரண்டாவது, ஒழுங்கு. “பிள்ளை சொல்றபடி வகுப்பு நடந்தா டீச்சர் என்னத்துக்கு?” பிள்ளையின் கேள்வியிலிருந்து பாடம் தொடங்கும் என்பதால் வகுப்பு பிள்ளையின் இஷ்டப்படி நடக்கும் என்று அர்த்தமில்லை. எங்கள் வகுப்பில் சட்டம் இருக்கிறது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் உடைக்கக் கூடாது. தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நேரான வரிசையில் இருத்தி எழுத வைப்பது ஆசிரியருக்கு இலேசான வேலை. நாலு மூலையில் நாலு வேலை நடக்கும்போது எந்தப் பிள்ளை எதில் தட்டுப்படுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது, வசதி. இது நியாயமான கேள்வி. முப்பத்தைந்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஒருவர் வைத்துக்கொண்டு செய்வது இலேசில்லை. சில நாட்கள் எங்களுக்கும் சரிவருவதில்லை. சத்தம் கூடி, பொருள் போதாமல், இரண்டு பேர் அழுது, பாடம் குழம்பிப் போன நாட்கள் உண்டு. ஆனால் சல்லி இல்லை என்பது தடையே இல்லை. சிரட்டை, சிப்பி, புளியங்கொட்டை, தீப்பெட்டி, போத்தல் மூடி, தென்னோலை, பழைய துணி. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வயலும் இருக்கும் ஊரில் பிள்ளைக்குக் கற்றல் உபகரணம் கடையில் வாங்க வேண்டியதில்லை.

நம் மூத்தம்மாமாரின் வளவுகளை நினைத்துப் பாருங்கள். நெல் புடைக்கும்போது பக்கத்தில் ஒரு குட்டிச் சுளகு பேத்திக்கும் இருந்தது. பாய் இழைக்கும்போது மிஞ்சிய ஓலையில் பேரன் எதையோ பின்னிக்கொண்டிருந்தான். யாரும் அதைப் பாடம் என்று சொல்லவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு குருவி வளர்த்தார். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையைக் கண்டால் அந்தக் குருவியைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அவ்வளவு பொறுப்புகளுக்கு நடுவில் இருந்த ஒருவர், சின்னப் பிள்ளை எதில் மனம் வைத்திருந்ததோ அதிலிருந்து பேச்சைத் தொடங்கினார்கள். ஹதீஸை நாம் பயானில் கேட்கிறோம், வீட்டுக்கு வந்து “கொப்பியக் காட்டு” என்கிறோம்.

அந்தத் தாயின் கதை முடியவில்லை. இரண்டு நாள் கழித்து நாங்கள் சொல்லி அனுப்பியதால் வந்தார். வகுப்பின் பின்னால் ஒரு மணித்தியாலம் இருந்தார். அன்று கடை விளையாட்டு. அவருடைய மகன்தான் முதலாளி. அரைக் கிலோ, காக் கிலோ, மிச்சச் சல்லி என்று வாப்பாவின் குரலிலேயே வியாபாரம் நடந்தது. தாய் சிரித்தார். போகும்போது, “எண்டாலும் டீச்சர், ஒரு வரியாவது எழுத வைங்களேன்” என்றார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. அதற்கு அடுத்த நாள் அந்த மகன் தான் செய்த தராசைக் கொப்பியில் வரைந்து, “கல்” எழுதக் காட்டித் தரும்படி கேட்டு, கீழே தாழ்ந்த சிரட்டைக்குப் பக்கத்தில் எழுதினார். கொஞ்சம் சரிந்த எழுத்து. அந்தப் பக்கத்தில் அந்த ஒரு சொல்தான்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முன்பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கப் போனால், “எப்ப இருந்து எழுத வைப்பீங்க?” என்று கேட்க முன், பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்லதைச் செய்யும் ஆசிரியையை ஒரு தவணையில் கைவிட்டுவிடாதீர்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருப்பவர்களும் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருப்பவர்களும் அடுத்த கட்டடத்துக்குச் சல்லி சேர்க்கும்போது, சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு மண் தொட்டி, ஒரு தண்ணீர்க் குழாய், நிழலுக்கு ஒரு மரம் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஓதப் போய், பின்னேர வகுப்புக்கும் போய், இரவாகி வரும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மண்ணில் இருக்க ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

இன்று பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பையைத் திறக்க முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இண்டைக்கு என்னத்தச் செஞ்சி பார்த்த மகன்?” பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். அவர் சொல்லத் தொடங்குவார். இன்ஷா அல்லாஹ், நாங்கள் எழுதாமல் விட்டதையெல்லாம் அவரே சொல்லுவார்.